பச்சை வாசனை போச்சா, போகலையா?

கொரோனா எல்லாருக்கும் ஒரு கதை வைத்திருக்கிறது. என் பங்குக்கு இது.

செல்லூர் பக்கம் ராத்திரி இட்லிக்கடை வைத்திருக்கிறேன், கறிதோசையும் உண்டு. 2021 இரண்டாவது அலையில் படுத்தேன். சளி இல்லை, மூக்கடைப்பு இல்லை, வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் சுள்ளென்று ஏறியது. ஆனால் குடல் குழம்பு எது, கோழிக் குழம்பு எது என்று கேட்டால் முழிப்பேன். மெல்லும்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுமாம். நாம் ருசி என்பதில் பெரும்பங்கு அதுதானாம். காரத்துக்கு வேறு நரம்பு, அதனால் அது தப்பித்துவிட்டது.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும்தான் உண்மையான சிக்கல். மசாலாவில் பச்சை வாசனை போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது? எண்ணெய் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் இஞ்சி பூண்டு விழுதை அதை வைத்து நம்ப முடியாது. வீட்டுக்காரிதான் சட்டி மேல் குனிந்து மோந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வதக்குங்க" என்பாள். மாவு புளித்ததை நாக்கே சொல்லிவிடும். கேஸ் கசிந்தால்? அந்தப் பயத்தில் டியூபில் சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கப் பழகினேன், இன்றுவரை விடவில்லை.

அப்புறம் வாசனை திரும்பியது, ஆனால் கோணலாக. வெங்காயம் வதங்கினால் சாக்கடை நாற்றம். காபியும் அப்படியே. என் தொழிலுக்கு இது வாசனையே இல்லாததைவிட மோசம்.

*

அண்ணே, நான் திருமங்கலம். பூக்கட்டுகிறவள். மல்லியை மொட்டைப் பார்த்து, தொட்டே தரம் சொல்லிவிடுவேன், அதனால் பிழைப்பு நிற்கவில்லை. தலையில் வைத்தால்தான் ஒன்றுமே தெரியாமல் கடுப்பாக வரும். காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னது: கிருமி பெரும்பாலும் வாசனை நரம்பையே தாக்குவதில்லை, அதைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் செல்களைத்தான். அதனால் நிறையப் பேருக்குத் திரும்பிவிடும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்.

*

கிராம்பு என் கடையில் தினமும் கொதிக்கிறதே தங்கச்சி, அது கணக்கில் வராதா?

*

வராது அண்ணே. ஒவ்வொன்றையும் தனியாக, அவசரமில்லாமல், அதன் மணத்தை மனசில் நினைத்துக்கொண்டே மோக்கணும். மாதக்கணக்கில் செய்யணும். வெங்காயம் போட்டதை நீங்கள் ஆறவைத்துச் சாப்பிடுங்கள், சூட்டில்தான் நாற்றம் தூக்கும்.