பொதுமக்கள் பங்கேற்கும் கலையில் முடிவெடுப்பவர் யார்?

கேள்வி: தூரிகைக்காரன்

நான் நுண்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கிறேன். பொதுமக்கள் பங்கேற்புடன் உருவாகும் கலையைப் பற்றிய ஆய்வேட்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஐயம் எழுந்தது. கலைஞர் ஒரு கருத்தை முன்வைக்கிறார். ஊரார் வந்து வண்ணம் பூசுகிறார்கள், மண் அள்ளுகிறார்கள், மரம் நடுகிறார்கள். கலை வரலாற்றிலோ அந்தக் கலைஞரின் பெயர் மட்டுமே நிலைக்கிறது. இதைப் பங்கேற்பு என்று சொல்வதா, கூலியில்லாத உழைப்பு என்று சொல்வதா?

குறிப்பாக, யோசப் பாய்ஸ் ஜெர்மனியின் காசெல் நகரில் 1982இல் தொடங்கிய ‘7000 ஓக் மரங்கள்’ என்ற படைப்பை இத்துறையின் முன்னோடி என்கிறார்கள். அங்கே நகர மக்கள் உண்மையில் எதைத் தீர்மானித்தார்கள்? இதனோடு ஒப்பிடத்தக்க வேறு படைப்புகள் இருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: மரநிழல்

காசெலில் பாய்ஸ் செய்தது மிகக் கூர்மையான ஓர் ஏற்பாடு. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அந்நகரில் நடக்கும் டாக்குமென்டா கலைக் கண்காட்சியின் ஏழாம் பதிப்புக்காக, ஃபிரிடெரிசியானும் அருங்காட்சியகத்தின் முன்னுள்ள திறந்தவெளியில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையாலான 7000 கற்களைக் கொண்டுவந்து குவித்தார். ஒரு மரம் நடப்பட்டால் மட்டுமே குவியலிலிருந்து ஒரு கல் நகரும். அந்தக் கல் மரத்தின் அருகிலேயே ஊன்றப்படும். முதல் மரத்தை 1982 மார்ச்சில் அவரே நட்டார்.

குவியல் நகரின் நடுவே கண்ணை உறுத்தியபடி கிடந்ததால் பலர் எரிச்சலடைந்தனர். சிலர் கற்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசியும் சென்றனர். ஆனால் குவியலை அகற்ற விரும்பியவருக்கும் மரம் நடுவதைத் தவிர வேறு வழியில்லை. எதிர்ப்பாளரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் இந்த விதிதான் அப்படைப்பின் மையம் என்பது என் கருத்து; மரங்களின் எண்ணிக்கையை வியந்து எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லும் மரமும் இணையாக நிற்க வேண்டும் என்பதும் எண்ணிக்கையும் பாய்ஸ் விதித்தவை. அவற்றில் யாருக்கும் பேச்சுரிமை இல்லை. எந்தத் தெருவில், எந்தப் பள்ளியின் வாசலில் மரம் வரவேண்டும் என்பதைக் குடியிருப்போரும் பள்ளிகளும் உள்ளூர்ச் சங்கங்களும் முன்மொழிந்தனர். வாகன நிறுத்துமிடம் பறிபோகும் என்று எதிர்த்தவர்களோடு தெருத்தெருவாகப் பேச வேண்டியிருந்தது. தலைப்பில் ஓக் என்றிருந்தாலும் இடத்துக்கேற்ப லிண்டன், மேப்பிள், ஆஷ் போன்ற மரங்களும் நடப்பட்டன. அதாவது, ‘என்ன’ என்பது கலைஞரிடமும் ‘எங்கே’ என்பது நகரத்தாரிடமும் இருந்தன. நகரத்தில் ‘எங்கே’ என்பது சிறிய கேள்வியன்று. இடத்தைப் பற்றிய சண்டைதான் நகராட்சி அரசியலில் பாதி.

பணமும் இதில் ஒரு பங்கேற்பு. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் 500 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) நன்கொடை பெறப்பட்டது. தொடக்கச் செலவை நியூயார்க்கின் டியா கலை அறக்கட்டளை ஏற்றது. பற்றாக்குறையை ஈடுகட்ட பாய்ஸ் ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில்கூட நடித்தார்.

பதில்: சுண்ணாம்புச்சுவர்

மரநிழல் அவர்களின் விளக்கம் நன்று. ஆயினும் இடத்தை மட்டும் தீர்மானிக்க விட்டதைப் பெரிய அதிகாரப் பகிர்வாக என்னால் ஏற்க இயலவில்லை. உள்ளடக்கத்தில் கைவைக்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்த படைப்பைக் காண விரும்பினால், கலிபோர்னியாவில் உள்ள ‘லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்’ ஓவியத்தைப் படியுங்கள்.

சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஓடும் வெள்ள வடிகால் ஒன்றின் கான்கிரீட் சுவரில், மெக்சிகோ வம்சாவளி ஓவியரான ஜூடி பாக்காவின் தலைமையில் 1976இல் இப்பணி தொடங்கியது. வடிகாலில் வெள்ளம் வராத கோடை மாதங்களில் மட்டுமே வேலை நடக்கும். இப்படிச் சில கோடைகளில் 2,754 அடி நீளத்துக்கு ஓவியம் வளர்ந்தது. 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் பணியாற்றினர். முதல் கோடையில் வந்தவர்களில் பெரும்பாலோர் சிறார் நீதித்துறை வழியாக அனுப்பப்பட்டவர்கள். வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்களாதலால், தெருவில் சந்தித்திருந்தால் ஒருவரோடொருவர் பேசியிருக்க மாட்டார்கள்.

தாங்கள் கூலியைப் பற்றிக் கேட்டதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர்கள் ஊதியம் பெற்றே வேலை செய்தனர். தன்னார்வம் என்ற பெயரில் ஏழைகளின் நேரத்தை வாங்குவதைவிட இது நேர்மையானது. வரலாற்றாசிரியர்களோடும் கலிபோர்னிய வரலாற்று நிகழ்வுகளை நேரில் கண்ட முதியவர்களோடும் உரையாடி, எதை வரைவது என்று ஆராய்ந்த பிறகே தூரிகையைக் கையிலெடுத்தனர். அதனால்தான் 1930களில் மெக்சிகோ வம்சாவளியினர் நாடுகடத்தப்பட்டதும், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டதும், லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவீன் பகுதி மக்கள் வீடிழந்ததும் அந்தச் சுவரில் இடம்பெற்றன. பாடநூலில் தம் குடும்பத்தின் கதையைக் காணாத பிள்ளைகள், அதை ஊர் பார்க்கும்படி பெரிதாக எழுதினார்கள். இதிலும் இறுதி வடிவமைப்பில் பாக்காவின் கையே மேலோங்கியிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஒரே பாணியில் அத்தனை நீளம் வரைய யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

பதில்: மணல்மேடு

இருவரும் ‘தீர்மானிக்கும் உரிமை’ என்பதையே அளவுகோலாகக் கொள்கிறீர்கள். அந்த அளவுகோலில் முற்றிலும் தோற்கும் படைப்பு ஒன்று உண்டு. ஆனாலும் அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. 2002 ஏப்ரல் 11 அன்று, பெருவின் தலைநகர் லிமாவுக்கு வெளியே வென்டானியா என்னுமிடத்தில், பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞரின் அழைப்பை ஏற்று 500 பேர் மண்வாரிகளோடு ஒரு பெரிய மணற்குன்றின் மீது வரிசையாக நின்றனர். பெரும்பாலும் மாணவர்கள். மணலை வாரி வாரி முன்னே தள்ளியபடி குன்றின் மறுபுறம்வரை நடந்தனர். குன்று சுமார் பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கலாம். அவ்வளவே.

அவர்கள் எதையும் முடிவு செய்யவில்லை, ஊதியமும் இல்லை. ஆனால் அதிபர் ஃபுஜிமோரியின் ஆட்சி சரிந்து ஈராண்டுகூட முழுமையாக ஆகாத நாட்டில், அத்தனை பேர் ஒன்றுகூடிப் பயனற்றதுபோல் தோன்றும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தது அவர்களுக்கே சொந்தமான அனுபவம். கோயில் தேரின் வடத்தைப் பிடிப்பவர் எவரும் தேர் செல்லும் வீதியைத் தீர்மானிப்பதில்லை; அதனால் அவரைக் கூலியாள் என்று நாம் சொல்வதும் இல்லை. ஆய்வேட்டில் இந்த வகைக்கும் இடம் கொடுங்கள்.

தூரிகைக்காரன்

மூவருக்கும் நன்றி. மணல்மேடு அவர்களின் எதிர்வாதம் என் முன்முடிவை அசைத்துவிட்டது. இன்னொன்று கேட்கலாமா? திறப்பு விழாவுக்குப் பிறகு இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வண்ணம் உதிர்ந்து பாதி முகமே எஞ்சியிருக்கும் சுவர்களை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

மரநிழல்

பாய்ஸ் 1986 ஜனவரியில் மறைந்தார்; அப்போது மரங்கள் முழுவதும் நடப்பட்டிருக்கவில்லை. கடைசி மரத்தை 1987இல், எட்டாம் டாக்குமென்டாவின் தொடக்கத்தில், அவருடைய மகன் நட்டார். தொடங்கியவர் இல்லாத நிலையிலும் பணி நிற்காமல் முடிந்தது என்பதே அதை நகரம் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதற்கு வலுவான சான்று. இன்று மரங்கள் நகராட்சியின் பராமரிப்பில் உள்ளன. இப்படைப்புக்குச் சட்டப்படி நினைவுச்சின்னப் பாதுகாப்பும் உண்டு. மரம் கல்லைவிடப் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. தெருவை விரிவாக்கவோ கட்டடம் எழுப்பவோ முனையும்போதெல்லாம் அந்த இணையை என்ன செய்வது என்ற பேச்சு மீண்டும் எழுகிறது.

சுண்ணாம்புச்சுவர்

பெருஞ்சுவரைப் பொறுத்தவரை, வெயிலும் வெள்ளமும் அரித்த பகுதிகள் 2011இல் புதுப்பிக்கப்பட்டன. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், 1976இலேயே பாக்காவும் நண்பர்களும் தொடங்கிய ஸ்பார்க் என்ற அமைப்பு இன்றும் இயங்குவதுதான். தாங்கள் உள்ளூர்ச் சுவர்களை ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால், பராமரிப்புக்கான தொகை தொடக்கத் திட்ட மதிப்பீட்டில் இருந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். வரைந்தவர்களிடம் கேட்பதோடு நில்லாமல், அந்தச் சுவரின் எதிரே கடை வைத்திருப்பவரிடமும் கேளுங்கள்.