ப்ராக்கில் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறேன். நேற்று ரயிலில் செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் வந்தேன். எல்பே ஆற்றைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். இறங்கும்போது மேல்தட்டில் வைத்த பை இல்லை. பாஸ்போர்ட், ஜெர்மன் குடியிருப்பு அட்டை இரண்டும் அதில்தான். அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி டப்பாவும் போய்விட்டது, அதை நினைத்தால்தான் அழுகை முட்டுகிறது.

போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை இந்தியத் தூதரகம் போகிறேன். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அங்கே தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டும்தான் செல்லும். எனக்கோ வியாழக்கிழமை ட்ரெஸ்டனில் தேர்வு. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரைவழி எல்லை முழுவதும் சோதனை வைத்திருக்கிறது.

இப்படி மாட்டி மீண்டவர்கள் இருக்கிறீர்களா? அட்டையின் போட்டோவும் போலீஸ் நகலும் போதுமா, இல்லை இங்குள்ள ஜெர்மன் தூதரகத்தையும் பார்க்க வேண்டுமா? ப்ராக்கில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது திங்கள் வரை தங்க இடம் கொடுத்தால் பெரிய உதவி.