அழகர் ஆற்றில் இறங்கும்போது கேமராவைப் பார்க்காத முகங்களை எடுப்பது எப்படி?

வைகைக்கரை:
சித்ரா பௌர்ணமி அன்று மதுரையில் அழகர் இறங்குவதைப் பார்க்க வைகை ஆற்றுக்கு வரும் சனங்களைப் படமெடுக்க வேண்டும். சாமியை அல்ல, சனங்களைத்தான். கையில் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், 70-200 எம்எம் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் இருக்கின்றன. 70-200ஐத் தூக்கினால் நடுவில் யார் தலையாவது வந்துவிடுகிறது. தப்பி வந்த படமும் எந்த ஊர், என்ன விழா என்றே தெரியாத வெறும் முகமாக நிற்கிறது. 35ஓடு கிட்டே போனால் எல்லாரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். விடியுமுன் எடுப்பதில் பாதி ஆடிப்போகிறது. தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் கேமராவை எப்படிக் காப்பது?

மாசிவீதி:
70-200ஐ வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒளிந்திருந்து எடுத்தால்தான் இயல்பு வரும் என்பது தப்புக் கணக்கு. கூட்டத்துக்குள் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கேமராவை நெஞ்சுக்கு நேரே எல்லார் கண்ணிலும் படும்படி கையில் பிடித்திருங்கள். முதலில் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையும் ஒன்றிரண்டு எடுத்துக் காட்டிவிடுங்கள். அதன் பிறகு உங்களை மறந்துவிடுவார்கள். நடந்துகொண்டே இருப்பவர்தான் ஒவ்வொரு அடியிலும் புது ஆள்.

எங்கே பார்த்து நிற்பது என்பதுதான் பெரிய விஷயம். அழகர் ஏறிவரும் தங்கக் குதிரை நெருங்கும்போது நீங்களும் திரும்பிக் குதிரையைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது முதுகுகள். குதிரைக்கு முதுகு காட்டி, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நில்லுங்கள். "கோவிந்தா" குரல் தூரத்திலிருந்து நெருங்கி வரும். கைகள் உயர ஆரம்பிக்கும். சர்க்கரைச் சொம்பில் ஏற்றிய விளக்குகள் மேலே போகும். அந்த அரை நிமிடம் ஒருவரும் கேமராவைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே சொம்பு வைத்திருப்பவர் ஒருவரைத் தேர்ந்து, அவருக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் பக்கவாட்டில் இடம் பிடித்திருக்க வேண்டும். விளக்கு தாடைக்குக் கீழே இருக்கும்போது முகத்தில் விழும் வெளிச்சம் வேறு எந்த நேரத்திலும் கிடைக்காது.

இன்னொரு நல்ல நேரம், அழகர் கடந்து போன உடனே. கை இறங்கும், சிலர் கண்ணைத் துடைப்பார்கள், தோளில் இருக்கும் பிள்ளையை இறக்குவார்கள். பெரும்பாலான கேமராக்கள் அப்போது குதிரைக்குப் பின்னால் ஓடிவிடும். ஓடாதீர்கள்.

ஒளிக்கணக்கு:
படம் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை நடுக்கம் அல்ல, ஆட்கள் அசைவது. லென்ஸிலோ பாடியிலோ இருக்கும் ஸ்டெபிலைசர் அதற்கு உதவாது. மேனுவலில் ஷட்டர் 1/250, அப்பர்ச்சர் எஃப் 2 அல்லது 2.2, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஆட்டோ, உச்ச வரம்பு 6400 என்று வையுங்கள். கம்மியான ஐஎஸ்ஓவில் ஆடிய முகத்தைவிட 6400ல் புள்ளி விழுந்த கூர்மையான முகம் மேல். விளக்கும் சொம்பும் ஃபிரேமுக்குள் வந்தால் ஆட்டோ ஐஎஸ்ஓ ஏமாறும். அப்போது ஐஎஸ்ஓவையும் 3200 போலப் பூட்டிவிட்டு, கன்னத்தின் வெளிச்சத்துக்கு அளவு வையுங்கள். சுடர் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஃப்ளட் லைட்டுக்கும் தீபத்துக்கும் நடுவில் படத்துக்குப் படம் நிறம் மாறும். 4500 கெல்வினில் நிறுத்தி, பிறகு நிறத்தைத் திருத்த வசதியான RAW ஃபைலாக எடுங்கள். சுடர் மஞ்சளாக விழும், விழத்தான் வேண்டும்.

சைலன்ட் ஷட்டர் வேண்டாம். அந்தச் சத்தத்தில் உங்கள் க்ளிக் யாருக்கும் கேட்காது. ஆனால் எல்இடி விளக்கில் எலெக்ட்ரானிக் ஷட்டர் குறுக்கே கறுப்புப் பட்டை போடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டரோடு, மினுக்கத்தைச் சமாளிக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் வசதியைப் போடுங்கள். அதன் பிறகும் பட்டை வந்தால் 1/100க்கு இறங்கி, அசையாமல் நிற்பவர்களை மட்டும் எடுங்கள்.

விடிந்த பிறகு கண்ணை வ்யூஃபைண்டரில் வைக்கவே தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது. 28 எம்எம் லென்ஸ் கிடைத்தால் எஃப் 8, ஃபோகஸை 2 மீட்டரில் கையால் நிறுத்துங்கள். சுமார் 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 35ல் எஃப் 2.8 வைத்தால் அதே 2 மீட்டரில் தெளிவு அரை மீட்டர் அளவுதான். அங்கே கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸை நம்புங்கள்.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. தண்ணீருக்கு?

தோப்பறை:
கருப்பசாமி வேஷத்தில் தோல் பையோடு வருபவர்கள் எந்தப் பக்கம் பீய்ச்சுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. கெட்டியான தெளிந்த பாலித்தீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹுட்டின் மேல் ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். பையின் வாய் கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும், கையை அதற்குள் விடலாம். முழுக்க மூடினால் உள்ளே வேர்க்கும். யூவி ஃபில்டர் போடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் திட்டுத் திட்டாகப் படியும், அதனால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு தனி உறையில் இருக்கட்டும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். "வேலை செய்கிறதா" என்று ஆன் செய்து பார்ப்பதில்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போகிறது. அரிசியில் புதைப்பதால் பயனில்லை. சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஃப்ளாஷ் கூடாது. கிட்டத்தில் இருக்கும் துளிகள் வெள்ளைப் பொட்டாக வந்து முகத்தை மறைக்கும். துளிகள் தனித்தனியாக நிற்க 1/1000க்கு மேல், கோடாக இழுக்க 1/60 முதல் 1/125. காலை வெயிலில் கிழக்கே பார்த்து நின்றால் தண்ணீர் தானே ஒளிரும். அழகர் வந்து தங்கும் ராமராயர் மண்டகப்படிக்கு அவர் வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும், கண் குழிகள் கறுக்கும். பந்தல் ஓரத்து நிழலுக்கு நகர்ந்துவிடுங்கள்.

எடுக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பவர்கள், உடை மாற்றுபவர்கள், நனைந்த உடையில் நிற்கும் பெண்கள், தொலைந்துபோய் அழும் பிள்ளைகள். இவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை என்பது அனுமதி ஆகாது. சாமி வந்து ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். கூட வந்தவர்கள் தலையசைத்தால் மட்டும் எடுங்கள். யாராவது அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அவர் கண் முன்னே அழியுங்கள், இரண்டாவது கார்டில் பதிவாகிறதென்றால் அதிலும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

2022ல் இறங்கும் நேரத்து நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். தடுப்புக் கம்பியோ சுவரோ முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளாதீர்கள். வெளியேறும் வழியை வெளிச்சம் வருமுன்பே பார்த்து வையுங்கள். ஸ்ட்ராப்பைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் சுற்றுங்கள். நெரிசலில் இழுபட்டால் கழுத்துக்கு ஆபத்து.

வைகைக்கரை:
ஒருவரைக் குறி வைத்திருக்கும்போது அவர் சட்டென்று நம்மைப் பார்த்துவிட்டால்?

மாசிவீதி:
கேமராவை இறக்கி, ஒரு கும்பிடு போடுங்கள் தம்பி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். அவரும் கும்பிட்டால் அங்கேயே நில்லுங்கள். குதிரை வரும்போது அவர் கண் உங்களிடம் இருக்காது.