‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘மருந்துகேளாமை’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய மருத்துவக் கலைச்சொற் குழுமத்தாருக்கு வணக்கம்.

பாக்டீரியாவைக் கொல்லத் தரும் மருந்துக்கு அது கட்டுப்படாமல் போகும் நிலையான ‘ஆன்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ்’ என்பதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்புத்திறன்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என நம் குழும அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு இருமுறை வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்ப்புத்திறன் என்றதும் நம் மக்கள் நினைப்பது உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றலைத்தான். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆறாத சர்க்கரைப் புண்ணோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருபவரிடம் “உங்கள் புண்ணில் எதிர்ப்புத்திறன் மிகுந்திருக்கிறது” என்றால், அவர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வார்.

“மூன்று நாள் மாத்திரைக்கும் காய்ச்சல் கேட்கவில்லை” என்பது நம் வீடுகளில் அன்றாடப் பேச்சு. அவ்வழக்கிலிருந்தே ‘மருந்துகேளாமை’ என்பதை முன்மொழிகிறேன். இதைக் ‘கேளாமை’ என்று மட்டும் சுருக்கலாகாது. இத்தகைய தொற்றுகளுக்குத் தரப்படும் அமிகாசின், ஜென்டாமைசின் ஆகிய மருந்துகள் செவித்திறனைப் பாதிக்கக்கூடியவை என்பதால், ஒரே நோயாளியின் கோப்பில் இருவகைக் கேளாமையும் அடுத்தடுத்து வந்து குழப்பும்.

புதிய சிகிச்சை ஆய்வுகளைத் தமிழில் எழுதவும் இச்சொல் கைகொடுக்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா, உள்ளே நுழையும் மருந்தைக் கிணற்று நீர்போல வெளியே இறைத்துவிடும் புரத அமைப்பு உடையது (இதை ‘மருந்திறைப்பி’ எனலாமா?). பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேஜ் வகைகளுள் ஓஎம்கேஓ1 என்பது அந்த இறைப்பியின் வெளிப்புறப் புரதத்தையே பற்றிக்கொள்கிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். பேஜிடமிருந்து தப்ப அப்புரதத்தை மாற்றிக்கொள்ளும் பாக்டீரியாவுக்கு மருந்தை இறைக்கும் வலு குறைந்துவிடுகிறது. முன்பு பலிக்காத மருந்து மறுபடி பலிக்கிறது. இந்நிலையை ‘மருந்து மீள்கேட்பு’ என்றால், விளக்கம் தேவையின்றியே பொருள் விளங்கும். ‘எதிர்ப்புத்திறன் நீக்கம்’ என்பதில் அந்தத் தெளிவு இல்லை.

பேஜை ‘பாக்டீரியா விழுங்கி’ என்று சொல்லலாம் என்ற குழும ஐயா ஒருவரின் பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. அது எதையும் விழுங்குவதில்லை. தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்திப் பெருகிய பின், பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. பேஜ் என்றே இருக்கட்டும்.

நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் அறிக்கையின் ‘எஸ்’ (சசெப்டிபிள்), ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட்) இரண்டுக்கும் முறையே மருந்துகேட்பு, மருந்துகேளாமை பொருந்தும். இடையிலுள்ள ‘ஐ’ சிக்கலானது: இச்சோதனைக்கான ஐரோப்பிய நெறிமுறை (யூகாஸ்ட்) 2019 முதல் அதனை, மருந்தளவைக் கூட்டினால் கேட்கும் என்னும் பொருளில் வரையறுக்கிறது. ஆகவே ‘இடைநிலை’ (இன்டர்மீடியட்) என்ற பழைய சொல் அந்நெறிமுறைக்கு இனிப் பொருந்தாது. ‘கூட்டளவுக் கேட்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கூட்டு மருந்து என்று மயங்க இடமிருப்பதால் நிறைவில்லை. இதற்கு உறுப்பினர்கள் வேறு சொல் தந்துதவ வேண்டுகிறேன்.