ரெப்போ பிரிச்சு மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? (சுங்கை சிப்புட்)

லயத்துப்பையன்:
லோரியை எடை போடுற வேபிரிட்ஜ் புரோகிராம் ஒரு ரெப்போ (மாத்துறதையெல்லாம் குறிச்சு வைக்கிற கிட்ல, புரோகிராம் ஃபைல்களை வைக்கிற இடம்), சீட்டு அடிக்கிற லைப்ரரி தனி ரெப்போ, அது இதுக்குள்ள சப்மாடியூல், அதாவது உள்ள சொருகின ரெப்போ. பிரிச்சது நான்தான். லோரியோட வெறும் எடையைக் கழிக்கிற இடத்துல ஒரு பிழை. லைப்ரரியில சரிபண்ணி புஷ் பண்ணேன் (சர்வருக்கு அனுப்புனேன்), புரோகிராமைத் தானா கட்டித் தர்ற ஜென்கின்ஸ்ல பில்ட் பாஸ், திங்கட்கிழமை காலையில செம்பனை (பாமாயில்) ஆலையில ஏத்தியாச்சு.

பத்தரைக்குக் கிராணி (கிளார்க்) அக்கா போன். "தம்பி, சரிபண்ணிட்டேன்னியே, அதே தப்புதான்யா வருது." பின்னால லோரி ஹார்ன். வெட்டின குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில புளிப்பு ஏறும், டிரைவர்களுக்கோ டிரிப் கணக்கு. அக்கா கால்குலேட்டர்ல கழிச்சுக் கழிச்சுக் கையாலயே சீட்டு எழுதுறாங்க. போன்ல அந்தப் பட்டன் சத்தம் டிக் டிக்னு கேட்டுச்சே, அது இன்னும் காதை விட்டுப் போகல.

சப்மாடியூல் ஒரே ஒரு கமிட்டைத்தான் (கிட்ல சேமிச்ச ஒரு நிலையை) பிடிச்சுக்கிட்டு நிக்கும்னு தெரியும். தாய் ரெப்போவுல அதைப் புது கமிட்டுக்கு நகர்த்தி கமிட் பண்ண மறந்துட்டேன். பழைய லைப்ரரியை வச்சே பில்ட் ஜோரா ஓடியிருக்கு.

செம்பனை_2:
எனக்குத் தீபாவளிக்கு முந்தின ராத்திரி. ஃபைல் பேர்ல விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணு. பில்ட் மெஷின் லினக்ஸ், "ஃபைல் இல்ல"ங்குது. பேரை மாத்துனேன், மாத்துனதே கிட்டுக்குத் தெரியல. வேற பேருக்கு மாத்தித் திரும்ப இந்தப் பேருக்குக் கொண்டு வந்தப்புறம்தான் பிடிச்சுது. அடுப்படியில அம்மா முறுக்கு பிழியிறாங்க, நான் ஒத்தை எழுத்தோட மல்லுக்கட்டுறேன்.

பழைய_தண்டல்:
லயத்து தம்பி, சப்மாடியூல் மேல பழி போடாதீங்க. மூணு பேர் வேலை செய்ற இடத்துக்கு எதுக்கு ரெண்டு ரெப்போ? எல்லாத்தையும் ஒண்ணுல போட்டு ஃபோல்டரா பிரிங்க. எந்த ஃபோல்டர் மாறுதோ அதோட பில்ட் மட்டும் ஓடுற மாதிரி பாத் ஃபில்டர் வைங்க. எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு குறிச்சிருக்கிற லாக் ஃபைலைக் கண்டிப்பா கமிட் பண்ணுங்க. பில்டுல வர்ற எக்ஸியை ரெப்போவுல போடாதீங்க. நான் போட்டேன், 100 எம்பி தாண்டுனதும், ரெப்போவை வச்சிருக்கிற கிட்ஹப் சைட் புஷ்ஷைத் திருப்பி அனுப்பிடுச்சு. அழிச்சாலும் பழைய கமிட்ல உக்காந்திருக்கும், ஹிஸ்டரியையே திருத்தணும். டேக்கை (கமிட்டுக்கு வைக்கிற பேர்ச்சீட்டு) வச்சு வெர்ஷன் நம்பர் எடுக்கிறீங்கன்னா அதையும் பாருங்க. கிட்ஹப்லயே பில்ட் ஓட்டுற ஆக்ஷன்ஸ்ல, ரெப்போவை இறக்குற செக்அவுட் தானா விட்டா கடைசி கமிட்டை மட்டும்தான் இறக்கும், டேக் வராது. சப்மாடியூலும் வராது.

செம்பனை_2:
தண்டல் அண்ணே, அந்த ஃபில்டரை நம்பித்தான் நாங்க ஒருதடவை கெட்டோம். பொது லைப்ரரி ஃபோல்டரை அதுல சேர்க்கல. லைப்ரரி மாறுச்சு, பில்டே ஓடல. தம்பிக்கு நடந்ததுதான், ஒரே ரெப்போவுல.

லயத்துப்பையன்:
அண்ணே, நான் எங்க பழி போட்டேன்? மறந்தது நான்தான்னு எழுதியிருக்கேனே. இப்ப லைப்ரரி கமிட் நம்பரைச் சீட்டோட அடியில சின்னதா அடிக்க வச்சிருக்கேன்.

போன வாரம் அக்காவுக்கு ஒரு டின் முறுக்கு கொண்டு போனேன். "இன்னைக்குப் புதுசா எதுவும் ஏத்தலையே?"ன்னு கேட்டுட்டுத்தான் கையை நீட்டுனாங்க.