500 கிலோ டிராக் கார்: ஜிப்ஸி இன்ஜினா, பைக் இன்ஜினா?

சிங்கை_செவன்
நானும் ஒரு நண்பரும் சிங்காநல்லூரில் ஒரு ஷெட்டில் பைப் சேஸிஸ் வெல்டு செய்துகொண்டிருக்கிறோம். பழைய லோட்டஸ் செவன் மாதிரி: இரண்டு சீட், முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம். ரோட்டுக்கு இல்லை, ஆர்சி கிடைக்காது என்று தெரியும், யாரும் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். டிரெய்லரில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி டிராக்குக்கும் முடிந்தால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் போவதுதான் திட்டம். ஆள் இல்லாமல் 500 கிலோவுக்குள் நிற்க வேண்டும்.

கையில் இருப்பது ஒரு எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியின் ஜி13பிபி இன்ஜின், 1298 சிசி, அதோடு வந்த ஐந்து கியர் பாக்ஸ். நண்பர் இதெல்லாம் வேண்டாம், காசு சேர்த்து சுசுகி ஹயபுசா பைக்கின் இன்ஜின் வாங்கலாம் என்கிறார். ஒரு வாரமாக வெல்டிங்கைவிடச் சண்டைதான் அதிகம் நடக்கிறது. எதை எடுப்பது, எடுத்ததில் எங்கே எடை குறைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்
கையில் இருப்பதைப் போடுங்க தம்பி. ஜி13 பிளாக்கே அலுமினியம், ஹெட்டும் அலுமினியம், இந்த விலைக்கு இதைவிட லேசான நாலு சிலிண்டர் நம்ம ஊரில் கிடைக்காது. மாருதி எஸ்டீமில் வந்ததும் இதே குடும்பம்தான், ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் கார்களில் வருஷக்கணக்காக அடி வாங்கியதும் இதே 1300 மாருதி இன்ஜின்தான். அதனால் பார்ட்ஸுக்கும் சரி, இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கும் சரி, கோயம்புத்தூரில் பஞ்சமில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஜிப்ஸியில் முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்காது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் போட்டுத் தனியாகத் தொங்கும். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின் ஆக்ஸிலுக்குப் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் விட்டால் போதும். ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரே நாளில் குறையும் பெரிய எடை அதுதான்.

ரெட்லைன்_11000
லேத்து அண்ணா சொல்வது எல்லாம் சரி, ஆனால் 80 எச்பிக்காக இவ்வளவு இரும்பைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஜிப்ஸி கியர்பாக்ஸ் மேட்டில் ஏறுவதற்குச் செய்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டால் ஆர்பிஎம் கிட்டத்தட்டப் பாதிக்கு விழும். டிராக்கில் அது மரண அவஸ்தை.

ஹயபுசாவை எடுத்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் கிளட்சும் ஒரே கூட்டுக்குள் வந்துவிடுகிறது, ஆறு கியர், இடைவெளி நெருக்கம், வரிசையாக மட்டும் மாறும் சீக்வென்ஷியல், 1340 சிசியில் ஜிப்ஸியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பவர். பின்னால் செயின் போட்டால் ஒரு ஸ்ப்ராக்கெட்டை (செயின் பல்சக்கரத்தை) மாற்றியே ஃபைனல் டிரைவை, அதாவது சக்கரத்துக்கு முந்தின கடைசி கியர் விகிதத்தை, மாற்றலாம், கரிக்கு ஒன்று, இருங்காட்டுக்கோட்டைக்கு ஒன்று. ஆக்ஸிலில் அதே வேலைக்கு உள்ளே இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கர ஜோடியை மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் வேதனை. இங்கிலாந்தில் ராடிக்கல் கம்பெனி எஸ்ஆர்3 காரை இந்த சுசுகி பைக் இன்ஜினை வைத்துத்தான் ஓட்டுகிறது, சும்மா இல்லை.

லேத்துக்காரன்
ராடிக்கல் பின்னால் ஒரு கம்பெனியே நிற்கிறது. இவர்கள் பின்னால் நிற்பது ஒரு ஷெட்டும் ஒரு டேபிள் ஃபேனும்.

பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டியின் அடியிலேயே கிடக்கும். கார் சாயாது. நல்ல டயர் போட்டு நீண்ட வளைவில் திருப்பினால் ஆயில் எல்லாம் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும், ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றைக் குடிக்கும், பேரிங் போய்விடும். ஆயிலைத் தடுக்கும் பேஃபிள் தகடு போட்ட சம்ப், அதுவும் போதாதென்றால் ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் கிளட்ச். 260 கிலோ பைக்கை நகர்த்தச் செய்த, ஆயிலில் நனைந்தே ஓடும் வெட் கிளட்ச் ஆளோடு 580 கிலோவை எத்தனை ஸ்டார்ட்டுக்குத் தாங்கும்? ரிவர்ஸும் கிடையாது.

ரெட்லைன்_11000
கனமான கிளட்ச் ஸ்பிரிங் போட்டால் தாங்கும், பேஃபிள் தகடு நீங்களே வெட்டிக் கொடுப்பீர்கள், ரிவர்ஸுக்கு இறங்கித் தள்ளலாம். 500 கிலோதானே!

நடுவில்_இன்ஜின்
இரண்டு பேரும் முன்னால் இன்ஜின், நீளமான ஷாஃப்ட், பின்னால் தனி டிஃபரென்ஷியல் என்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எடை குறைய வேண்டுமென்றால் அந்த ஷாஃப்டே வேண்டாம். ஒரு பழைய ஸ்விஃப்டின் முன்பக்கத்தை அப்படியே எடுங்கள், இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒரே கட்டு, அதைச் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். 1996இல் லோட்டஸ் எலிஸ் செய்தது வேறென்ன? முன்சக்கர வண்டிக்கான ரோவர் 1.8 இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் பின்னால் வைத்தார்கள், 118 எச்பி, 725 கிலோ. டன்னுக்குக் கணக்குப் போட்டால் இவருடைய 80 எச்பி, 500 கிலோவும் ஏறக்குறைய அதே 160தான் வரும். நம்ம ஊரில் கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி ரேஸ் காரிலும் மாருதி 800 இன்ஜின் டிரைவருக்குப் பின்னால்தானே இருந்தது.

சிங்கை_செவன்
அண்ணா, சேஸிஸில் முன்பக்கம் வெல்டு முடிந்துவிட்டது. இப்போது இன்ஜினைப் பின்னால் வைக்கச் சொன்னால் நண்பர் கிரைண்டரோடு என்னைத் துரத்துவார். நடுவில் இன்ஜின் அடுத்த காரில் பார்க்கலாம்.

மனசு ஜிப்ஸி பக்கம் சாய்கிறது, பெரிய காரணம் காசு. இன்ஜினில் எடை குறைக்க, கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலை லேத்தில் கடையச் சொல்கிறார்கள், இரண்டரைக் கிலோ எடுக்கலாமாம். 500 கிலோ வண்டியில் இரண்டரைக் கிலோவால் என்ன ஆகிவிடும்?

ஸ்லைட்ரூல்
இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். ஃப்ளைவீல் நகர்வதோடு சுற்றவும் செய்கிறது. அதைச் சுற்றவைக்கும் சுமை வண்டியின் எடை கூடியதுபோலவே இன்ஜினுக்குத் தெரியும், எவ்வளவு கூடும் என்பது கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

வெளி விளிம்பில், மையத்திலிருந்து 12 செமீ தள்ளி, 2.5 கிலோ எடுத்தால் 2.5 × 0.12 × 0.12, அதாவது 0.036. முதல் கியர் 3.65, ஃபைனல் டிரைவ் 3.9, டயர் ஆரம் 28 செமீ என்று வையுங்கள். 3.65ஐ 3.9ஆல் பெருக்கி 0.28ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 51, அதன் வர்க்கத்தை 0.036ஆல் பெருக்கினால் 93. முதல் கியரில் வண்டி 93 கிலோ இளைத்தது மாதிரி! ஆனால் இரண்டாம் கியரில் அது 26 கிலோ, மூன்றாவதில் 14, நாலாவதில் வெறும் 7. டிராக்கில் முதல் கியரை ஸ்டார்ட்டில் ஒரு தடவை போடுவீர்கள், அவ்வளவுதான். அதனால் ஃப்ளைவீல் கடைவது நல்லது, ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். டவுன்ஷிஃப்டில் ஆர்பிஎம் சட்டென்று ஏறும், கை அதை உணரும். லேப் டைம் அவ்வளவு உணராது.

இதே கணக்கில் டயரையும் பாருங்கள். ஜிப்ஸியின் டயர் ஆரம் கிட்டத்தட்ட 33 செமீ. நீங்கள் 28 போட்டாலே எல்லாக் கியரும் 15 சதவீதம் குட்டையாகிவிடுகிறது, ரெட்லைன் கேட்ட ஸ்ப்ராக்கெட் வேலையில் பாதி இதிலேயே முடிந்தது. அப்படியும் நாலாவதில் 6500 ஆர்பிஎம் வரும்போது மணிக்கு 175 கிமீ. 2 கிமீ சொச்சம் நீளமுள்ள கரி டிராக்கில் 80 எச்பியை வைத்துக்கொண்டு ஐந்தாவது கியருக்கு என்ன வேலை?

ரெட்லைன்_11000
கணக்கு அழகு. ஆனால் இரண்டாவது கியரில் பாதி ஆர்பிஎம்முக்கு விழுவதை டயர் சரிசெய்யாதே? இடைவெளி அப்படியேதானே இருக்கிறது?

ஸ்லைட்ரூல்
இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரிய பள்ளம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். டிராக்கில் நீங்கள் வாழப்போவது இரண்டு, மூன்று, நாலில். அங்கே இடைவெளி மோசமில்லை.

லேத்துக்காரன்
ஃப்ளைவீல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேலி இல்லை. என் கண்முன் ஒரு பட்டறையில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை ஆசை ஆசையாக மெல்லிசாக்கி, போல்ட் வட்டத்துக்குப் பக்கத்திலும் கை வைத்துவிட்டார்கள். 7000இல் வெடித்தது. அதை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வந்த துண்டு கூரை ஷீட்டில் ஓட்டை போட்டது, நல்லவேளை யாரும் குறுக்கே இல்லை. வார்ப்பிரும்பை லேசாக்க வேண்டுமென்றால் இன்ஜின் பக்கத்து முகத்தில் வெளி விளிம்பை ஒட்டி மட்டும் எடுக்க வேண்டும், கிளட்ச் பிளேட் உட்காரும் முகத்தைத் தொடவே கூடாது, ஸ்டார்ட்டர் மோட்டார் பிடிக்கும் ரிங் கியர் உட்காரும் தோள் அப்படியே இருக்க வேண்டும். ஏழாயிரத்தைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் அதை மறந்துவிட்டு இஎன்24 என்ற உறுதியான அலாய் ஸ்டீலில் புதிதாகக் கடைந்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் இலவசமாக வருவதைக் கழற்றுங்க. ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், எது இருந்தாலும் பிராக்கெட்டோடு போகட்டும். வார்ப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதில் பைப் வளைத்துப் போடலாம், கார் பேட்டரிக்குப் பதில் சின்ன பேட்டரி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் லேத்.

நடுவில்_இன்ஜின்
பின் ஆக்ஸிலை யாருமே பேசவில்லை. ஜிப்ஸி ஆக்ஸிலைப் போட்டால் ஸ்பிரிங்குக்குக் கீழே அவ்வளவு கனமும் குதித்துக்கொண்டிருக்கும், இன்ஜினில் மிச்சம் பிடித்தது எல்லாம் வீண். கேட்டர்ஹாம் செவன் 170ஐப் பாருங்கள், அதிலும் சுசுகியின் சின்ன லைவ் ஆக்ஸில்தான் (இரண்டு சக்கரமும் டிஃபரென்ஷியலும் ஒரே கட்டாக இருப்பது), 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 84 எச்பி, வண்டி 440 கிலோ. முன்னால் இன்ஜின்தான் என்று அடம்பிடிக்கிறவர்கள் குறைந்தது ஆம்னி ஆக்ஸிலையாவது தேடுங்கள்.

ரெட்லைன்_11000
ஆம்னி ஆக்ஸிலா! எதற்கும் ஒரு ஸ்பேர் ஆக்ஸில் ஷாஃப்டை டிரெய்லரில் போட்டு வையுங்கள். நான் இன்னும் பைக் கட்சிதான், அடுத்த வருஷம் கரியில் பார்ப்போம்.

சிங்கை_செவன்
இன்று பழைய பேப்பர்காரரின் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தோம். ஃப்ளைவீல் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது, அது போனதில் நண்பருக்கே பாதிக் கோபம் போய்விட்டது. உக்கடத்தில் ஆம்னி ஆக்ஸில் சொல்லி வைத்திருக்கிறேன். 6500க்கு மேல் போகமாட்டேன் அண்ணா, வார்ப்பிரும்பிலேயே இரண்டு கிலோ மட்டும் எடுத்துத் தருவீர்களா? செவ்வாய்க்கிழமை வரட்டுமா?

லேத்துக்காரன்
செவ்வாய் எங்க ஏரியாவில் கரண்ட் கட், புதன் வாங்க. விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லேத்தில் ஏற்றுவேன், இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வரும்போது பிரஷர் பிளேட்டையும் எடுத்து வாங்க, இரண்டையும் சேர்த்துப் பூட்டிப் பேலன்ஸ் பார்க்க வேண்டும்.