கடையில் கைத்துப்பாக்கி: பிடி வெளியே தெரியலாமா, கூடாதா?

அடகுக்கடை_காரைக்குடி:
சேலத்துத் தம்பி ஒருவர், புதிதாக லைசென்ஸ் வந்திருக்கிறது, ரிவால்வருக்கு என்ன ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வாங்கலாம் என்று நேற்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் சொன்ன பதில்: "பிடி வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்காருங்கள். திருடன் வாசலோடு திரும்பிவிடுவான். லைசென்ஸ் இருந்தால் எவனும் கேட்க முடியாது." அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எவனும் கேட்க முடியாதா? 2016ஆம் வருடத்து ஆயுத விதிகளில் 32ஆம் விதியைப் படியுங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால், அதற்கென்று செய்த உறையில் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுப்பை மாதிரி ஒன்றில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வரி, துப்பாக்கி முழுவதும் மறைந்திருக்க வேண்டும், வைத்திருப்பவர் கைக்கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. முழுவதும் என்றால் முழுவதும். பிடி தெரிந்தால் அது முழுவதும் இல்லை. விதியை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 17ஆவது பிரிவில் லைசென்ஸே போகும். புதிதாக வாங்கிய பிள்ளைக்கு இதையா சொல்லிக்கொடுப்பது?

கொங்கு_நிதி:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று எதற்கு மறைத்து எழுத வேண்டும், பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

உறைக்குள் போட்டாலே துப்பாக்கி மறைந்துவிட்டது. உறை எதற்கு இருக்கிறது? மறைக்கத்தானே? உலகத்தில் எந்த ஹோல்ஸ்டரிலும் பிடி கொஞ்சம் வெளியேதான் இருக்கும், இல்லையென்றால் எப்படி உருவுவது? இன்னொன்று, கடை என்னுடையது, கரண்ட் பில் நான் கட்டுகிறேன். என் கடை எப்படிப் பொது இடம் ஆகும்?

கறுப்புக்கோட்டு_மதுரை:
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். "பொது இடம்" என்பதற்கு என்ன பொருள் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும். வாடிக்கையாளர் தாராளமாக வந்துபோகிற முன்கூடம் வேறு, பூட்டிய உள்ளறை வேறு. அதே மாதிரி "மறைந்திருக்க வேண்டும்" என்பது உறையால் மறைவதா, சட்டையாலும் மறைவதா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடகுக்கடை_காரைக்குடி:
வக்கீல் சார், பொருளெல்லாம் அப்புறம். பிடி தெரிகிறதா இல்லையா? தெரிகிறது. அப்படியென்றால் முழுவதும் மறையவில்லை. இதில் அகராதி எதற்கு?

கொங்கு_நிதி:
உறைக்குள் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்படியென்றால் மறைந்திருக்கிறது.

ஓய்வு_ஹவில்தார்:
பதினேழு வருடம் பட்டாளம், இப்போது ஒரு வங்கிக் கிளையில் காவல். எங்களுக்குக் கொடுத்த பிஸ்டல் உறையில் மேலே மடித்து மூடுகிற தோல் மூடி இருக்கும், அடியில் பித்தளைக் குமிழ். மூடினால் பிடியும் தெரியாது, மழையும் இறங்காது. ஆகவே "எந்த ஹோல்ஸ்டரிலும் பிடி வெளியேதான் இருக்கும்" என்பது தப்பு. சினிமாவில் பார்த்த உறையை வைத்துப் பேசக் கூடாது.

கொங்கு_நிதி:
ஐயா, நீங்களே வங்கி வாசலில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டுதானே நிற்கிறீர்கள்? ஊரே பார்க்கிறது. அதே 32ஆம் விதி நீளத் துப்பாக்கிக்கும் உறை கேட்கிறதே. உங்களுக்கு மட்டும் மறைக்க வேண்டாம், எனக்கு மட்டும் முழுவதும் மறைக்க வேண்டுமா?

ஓய்வு_ஹவில்தார்:
நான் நிற்பது காவல் பணி. நீங்கள் உட்காருவது வட்டிக் கணக்கு எழுத. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கொங்கு_நிதி:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. வட்டிக்கடைக்காரன் என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம்.

வெள்ளிக்கொலுசு_சேலம்:
அண்ணன்மார்களே, கேள்வி கேட்டவன் நான்தான். எனக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்ன வெள்ளிக் கடை. சாயங்காலம் பணத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போக வேண்டும். கடையில் வேட்டிதான் கட்டுவேன். வேட்டியில் எந்த உறை நிற்கும் என்பதை மட்டும் சொன்னால் போதும். துப்பாக்கி .32 ரிவால்வர், கான்பூர் தயாரிப்பு.

அடகுக்கடை_காரைக்குடி:
தம்பி, உனக்குத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. என் அப்பா காலத்தில் வாங்கின லைசென்ஸ், பிறகு என் பெயருக்குத் தனியாக விண்ணப்பித்து வாங்கினேன். இருபத்திரண்டு வருடமாக இடுப்பில் சுமக்கிறேன். நான்கு உறை மாற்றியிருக்கிறேன்.

முதல் உறை கான்வாஸ் துணி. மலிவாகக் கிடைத்தது. ஆறு மாதத்தில் வாய் தளர்ந்து உள்பக்கம் மடங்க ஆரம்பித்தது. துப்பாக்கியைத் திரும்ப உள்ளே செருகும்போது அந்த மடிப்பு விசையை (டிரிக்கர்) சுற்றிய வளையத்துக்குள் போய் விசையில் மாட்டிக்கொண்டது. அன்றைக்குத் தோட்டா ஏற்றாமல் இருந்ததால் என் தொடை தப்பியது. அதனால் நான் சொல்கிற முதல் விஷயம், விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் உறை கெட்டியாக மூட வேண்டும், வெளியிலிருந்து அமுக்கினாலும் உள்ளே நசுங்கக் கூடாது. கடையில் வாங்கும்போது வெறும் உறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். வாய் கூம்பினால் வைத்துவிட்டு வந்துவிடு.

இரண்டாவது, பேன்ட்டுக்கு உள்ளே செருகுகிற வகை. நிற்கும்போது நன்றாக மறைந்திருந்தது. ஆனால் அடகுக்கடையில் நாம் நிற்பதில்லை, திண்டில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்காருகிறோம். குழல் தொடை இடுக்கில் குத்திக்கொண்டே இருக்கும். மூன்றாவது தோள் உறை. அதற்கு மேல் எப்போதும் ஒரு கோட்டு வேண்டும், சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு உட்கார்ந்தால் அதுவே ஊருக்கு அறிவிப்பு.

நான்காவதுதான் இப்போது இருப்பது. வேட்டிக்கு நாம் கட்டுகிற பச்சை பெல்ட் அகலமானது, கடையில் விற்கிற உறைகளின் காது, அதாவது பெல்ட் நுழைகிற வளையம், ஒன்றரை அங்குல பெல்ட்டுக்குத் தைத்தது. அதில் ஏறாது. அதனால் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் பச்சை பெல்ட்டையே கொடுத்து, அதன் அகலத்துக்கு இரண்டு காது வைத்து, மேலே மூடியோடு தைக்கச் சொன்னேன். வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கும். மேலே சட்டையைத் தொங்கவிட்டால் ஒன்றும் தெரியாது. பிடியும் தெரியாது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கொங்கு_நிதி:
மூடியைத் திறந்து, சட்டையைத் தூக்கி, அப்புறம் உருவுவதற்குள் கல்லா காலியாகியிருக்கும். அழகாகத் தைத்து என்ன பயன்?

அடகுக்கடை_காரைக்குடி:
பிடி தெரிந்தால் மட்டும் என்ன ஆகும்? நகையை எடைபோடக் குனிகிறீர்கள், எதிரே நிற்கிறவன் கையை நீட்டினால் பிடி அவன் கையில். உங்கள் துப்பாக்கியை அவனுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. விதியில் மறைவாக வை, கட்டுப்பாட்டில் வை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பது இதற்குத்தான். பிடி தெரியக் கூடாது.

பெட்ரோல்பங்க்_விழுப்புரம்:
எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி நான் இல்லாதபோது என் துப்பாக்கியை உறையோடு கேஷியரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா? நம்பிக்கையான பையன், பத்து வருடமாக இருக்கிறான்.

கறுப்புக்கோட்டு_மதுரை:
கூடாது. லைசென்ஸ் உங்களுக்கு, பங்க்குக்கு இல்லை. நீங்கள் கூட இருக்கும்போதோ உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியோடோ இன்னொருவர் எடுத்துச் செல்ல ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இடம் தருவது பழுதுபார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது நீங்களே பயன்படுத்துவதற்காகக் கொண்டுவர. ராத்திரிக் காவலுக்கு இல்லை. பையன் நம்பிக்கையானவனாக இருந்தாலும் வழக்கு இரண்டு பேர் மீதும் வரும்.

பெட்ரோல்பங்க்_விழுப்புரம்:
அப்படியா? எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓய்வு_ஹவில்தார்:
எல்லாரும் செய்தால் சட்டம் மாறிவிடுமா? பெட்ரோல் பங்க்கில் துப்பாக்கி எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. எந்தப் பக்கம் சுட்டாலும் பெட்ரோல்.

பெட்ரோல்பங்க்_விழுப்புரம்:
வசூல் பணத்தோடு நெடுஞ்சாலையில் தனியாகப் போய்ப் பாருங்கள் ஐயா, அப்போது புரியும். வங்கிக்குள் ஃபேனுக்கு அடியில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

ஓய்வு_ஹவில்தார்:
ஃபேனுக்கு அடியில் நிற்பதற்கு முன்னால் சியாச்சினில் நின்றவன் நான். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

கொங்கு_நிதி:
அடகுக்கடை அண்ணன் இவ்வளவு சட்டம் பேசுகிறாரே, 2024 மார்ச்சில் தேர்தல் அறிவித்து, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, "எனக்கு விலக்கு கொடுக்கவில்லை" என்று இங்கே நாலு நாள் புலம்பியது யார்? அப்போது சட்டம் கசந்தது, இப்போது இனிக்கிறதா?

அடகுக்கடை_காரைக்குடி:
ஒப்படைத்தேன், ஆமாம். சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஒப்படைத்து ரசீது வாங்கினேன். நான் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு. தோல் உறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். ஜூனில் திரும்ப வந்தபோது குழல் மேல் செம்புள்ளி மாதிரித் துரு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நம் ஊர் வியர்வையில் உப்பும் சேரும். துப்பாக்கியைத் தோல் உறையிலேயே போட்டு வைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சேலத்துத் தம்பி இதைக் குறித்துக்கொள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவி, பீரோவில் பூட்டு. தோட்டாவைத் தனியாக வை.

மற்றபடி கொங்கு நிதி, நீங்கள் தேர்தலைப் பேசுவது பேச்சை மாற்றத்தான். பிடி வெளியே தெரிகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கொங்கு_நிதி:
பூட்டைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரும்புப் பெட்டி பற்றிப் பேசியபோது நான் சொன்ன மாடலைத் "தகர டப்பா" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை ஒருவனும் உடைக்கவில்லை.

அடகுக்கடை_காரைக்குடி:
தகரத்தைத் தகரம் என்றுதான் சொல்ல முடியும்.

வெள்ளிக்கொலுசு_சேலம்:
அண்ணே, ஸ்கூட்டரில் போகும்போது காற்றில் சட்டை தூக்கிக்கொள்ளுமே, அப்போது என்ன செய்வது?

கறுப்புக்கோட்டு_மதுரை:
தம்பி கேட்பது நல்ல கேள்வி. அதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உருவிய பிறகு என்ன? 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சொத்தைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போவதற்கு 41ஆவது பிரிவு சில நிலைகளை மட்டும் சொல்கிறது. கொள்ளை அதில் ஒன்று. சாதாரணத் திருட்டு என்றால், உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான பயம் இருக்க வேண்டும். செயினை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு "என் கடை" என்று சொல்ல முடியாது. 37ஆவது பிரிவின்படி தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. உறையைவிட இது முக்கியம்.

கொங்கு_நிதி:
அதனால்தான் சொல்கிறேன். பிடி தெரிந்தால் சுடவே வேண்டியதில்லை. பார்த்ததும் போய்விடுவான். ஒரு உயிரும் போகாது. மறைத்து வைத்தால்தான் அவன் உள்ளே வந்து, நீங்கள் உருவி, சுட்டு, கோர்ட்டுக்கு அலைவீர்கள்.

அடகுக்கடை_காரைக்குடி:
பார்த்ததும் போகிறவன் ஒருவன் என்றால், பார்த்துவிட்டு நாளைக்கு மூன்று பேராகத் திரும்பி வருகிறவனும் இருக்கிறான். அடகு வைக்க வருகிறவர்கள் யார்? பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுக்கிற பெண்கள். இடுப்பில் துப்பாக்கி தெரிகிற மனிதரிடம் வட்டி அதிகம் என்று வாய் திறந்து கேட்பார்களா? என் அப்பா துப்பாக்கி வைத்திருந்ததே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் மறைத்தது போலீசுக்குப் பயந்து இல்லை, வருகிற சனம் பயப்படக் கூடாது என்று. எனக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனசே வராது.

கொங்கு_நிதி:
நான் வட்டி அதிகம் வாங்குகிறேன் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். நேராகவே சொல்லுங்களேன்.

அடகுக்கடை_காரைக்குடி:
வட்டியை நான் பேசவில்லை. பிடியைப் பேசுகிறேன்.

ஓய்வு_ஹவில்தார்:
சேலத்துத் தம்பிக்கு: ஸ்கூட்டரில் போகும்போது இடுப்பில் வேண்டாம். குறுக்குப் பட்டை போட்ட பையை மார்புப் பக்கமாக மாட்டு, அதற்குள் தனி அறையில் உறையோடு வை. விதியும் பையை அனுமதிக்கிறது. கைக்கு எட்டும், காற்றும் ஒன்றும் செய்யாது. பணம் அதே பையில் வேண்டாம்.

அடகுக்கடை_காரைக்குடி:
பை என்றால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். பச்சை பெல்ட், மூடி போட்ட உறை, மேலே உள்சட்டையை இழுத்துவிட்டு அதற்கு மேல் சட்டை. வேறு எதையும் கேட்காதே தம்பி.

ஓய்வு_ஹவில்தார்:
பட்டையை உடம்புக்குக் குறுக்கே போட்டால் எவன் பிடுங்குவான்? ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறீர்களா, இல்லை திண்டிலேயேதானா?

அடகுக்கடை_காரைக்குடி:
இருபத்திரண்டு வருடம் சுமந்தவனிடம் இந்தக் கேள்வியா? நாளைக்கு என் உறையைப் படம் எடுத்துப் போடுகிறேன், துப்பாக்கி இல்லாமல், உறையை மட்டும். மூடியைப் பாருங்கள், காதைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

கொங்கு_நிதி:
போடுங்கள். நானும் என்னுடையதைப் போடுகிறேன். உறைக்குள் இருப்பது மறைந்திருக்கிறதா இல்லையா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

வெள்ளிக்கொலுசு_சேலம்:
காது எத்தனை அங்குலம் வைத்துத் தைக்கச் சொன்னீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணே.